இருபது கெஜத்துக்கு ஒரு சன்னம்

என் தங்கை மகளின் புருஷன் போன மாதம் எனக்கு ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தான். ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்த பிள்ளை. “மாமா, நவம்பர்ல ஃப்ரெண்ட்ஸோட மான் வேட்டைக்குப் போறன். கோர்ஸ் எல்லாம் பாஸ். நீங்கள் உந்த வேலைதானே செய்தனீங்கள்? எந்த புல்லற் எடுக்கிறது எண்டு ஷோர்ட்டாச் சொல்லுங்கோ.”

சுருக்கமாகச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதே கிழமை எங்கள் ஊர் ஒன்றியத்துப் பொடியள், ஆண்டு மலருக்கு ஓய்வுபெற்றவர்களின் அனுபவம் வேண்டும் என்று வந்து நின்றார்கள். போன வருஷம் எழுதியவர் கணக்காளர். வாசித்தவர்கள் எல்லாரும் நித்திரையாகிப் போனார்களாம். நான் எழுதினால் அந்தக் குறை இருக்காது என்று ஒத்துக்கொண்டேன். ஸ்ரௌவ்வில்லில் மருமகனும் தங்கை மகளும் வாங்கிய புது வீட்டுக்குக் குடிபூரலன்று போன நான், அதற்குப் பிறகு ஏன் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை என்று தங்கை மகள் கோபமாக இருக்கிறாள். அவளுக்கும் இதுதான் பதில்.

ஸ்காபரோவின் தெற்கே, கார் திருத்தும் கடைக்கும் பான்கேக் கடைக்கும் நடுவில் இருந்த வேட்டைச் சாமான் கடையில் முப்பது வருஷத்துக்கு மேல் துப்பாக்கி ரவை விற்றுச் சோறு தின்றவன் நான். இதில் சிரிப்பு என்னவென்றால், வெடிச் சத்தத்துக்கு என்னைப்போலப் பயந்த ஒருவனை மட்டக்களப்பும் கண்டதில்லை, கனடாவும் கண்டதில்லை. எண்பத்து மூன்றில் ஓட வெளிக்கிட்டவன், இங்கே வந்துதான் மூச்சு விட்டேன். வந்த முதல் கோடையில் டோர்செட் பார்க் அப்பார்ட்மென்றுக்கு வெளியே வாணவேடிக்கை விட்டார்கள். எனக்கு அது வாணவேடிக்கை என்று யாரும் சொல்லவில்லை. குளிக்கும் தொட்டிக்குள் படுத்து, குசினியில் கைக்கு அகப்பட்ட சோத்துப் பானையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டேன். அறையில் கூட இருந்த யாழ்ப்பாணத்துத் தவம் அண்ணை வந்து கதவில் சாய்ந்து நின்று, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “சரி, சண்டை முடிஞ்சோடன அந்தப் பானையக் கழட்டு. நாளைக்குச் சோறு அவிக்கோணும்” என்றார்.

வேலையும் அவர் எடுத்துத் தந்ததுதான். பான்கேக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தவர், பக்கத்துக் கடையில் பெட்டி தூக்க ஆள் தேடுகிறார்கள், மீன்பிடிச் சாமான் விற்கிற கடை என்றார். பொய்யில்லை. கண்ணாடிக்குள் தூண்டில்கள் இருந்தன. உள்ளே போனதும் எங்களூர் மரைமானுக்குப் பெரியப்பா மாதிரி ஒரு மூஸ் தலை சுவரிலிருந்து என்னைக் குனிந்து பார்த்தது. கண்ணாடிக் கண். அதற்குக் கீழே சுவர் நீளத்துக்குத் துவக்குகள். நான் திரும்பிக் கதவைத் தள்ளினேன். அது உள்ளே இழுக்க வேண்டிய கதவு. மூன்று முறை தள்ளியதில் எனக்கு வேலை கிடைத்துவிட்டது. “பெலமான ஆள்” என்று நினைத்ததாக முதலாளி பின்னர் சொன்னார்.

முதலாளியின் பெயர் காஸ்பர். ஹங்கேரியில் சண்டை வந்தபோது ஓடி வந்தவர். அதைப்பற்றி அவரும் பேசமாட்டார், என்னுடையதைப்பற்றி நானும் பேசவில்லை. அதனால் நன்றாகப் பொருந்திப் போனோம். வேட்டைக் கடையில் கழுத்தில் ரை கட்டிக்கொண்டு நின்ற ஒரே மனிதர் அவராகத்தான் இருக்கும். உரத்துப் பேசமாட்டார். ரவையை ஒருபோதும் கையிலிருந்து கைக்குக் கொடுக்கமாட்டார். கவுண்டரில் ஒரு பச்சைக் கம்பளித் துண்டை விரித்து, அதன் மேல் படுக்கவைத்து, ஒரு விரலால் வாடிக்கையாளர் பக்கம் மெல்ல நகர்த்துவார். நகைக்கடைக்காரர் தோற்றுப் போவார்.

வருகிறவர்களிடம் மூன்று கேள்வி கேட்க வேண்டும். ஒழுங்கு மாறக்கூடாது. என்ன மிருகம்? எவ்வளவு தூரம்? நடுவில் என்ன நிற்கிறது? முதல் கேள்விக்குப் பதில் வராவிட்டால் பெட்டி அலுமாரியை விட்டு இறங்கக்கூடாது. இதுதான் கடைச் சட்டம். மற்றதெல்லாம் ஒரு வருஷத்தில் படித்துவிட்டேன்.

மருமகனுக்காக அதையும் சொல்லிவிடுகிறேன். ரவையின் முன்பக்கத்தில் இருப்பது சன்னம். பறப்பது அதுதான். புறப்படும்போது அதற்கு இருக்கிற வேகம் போகப்போகக் குறையும். மிருகத்தின் உடலுக்குள் போனதும் அது குடை விரிகிற மாதிரி விரிய வேண்டும். விரிவதற்கு வேகம் வேண்டும். தூரத்து மானுக்குப் பாரம் குறைந்த, கூர்மூக்கு, பின்பக்கம் ஒடுங்கிய சன்னம். அது காற்றைக் கிழித்துக்கொண்டு போய், முந்நூறு கெஜத்திலும் வேகத்தை மிச்சம் வைத்திருக்கும். அதையே கிட்ட நிற்கிற மிருகத்துக்கு விட்டால் வேகம் தாங்காமல் தோளெலும்பிலேயே சிதறிவிடும். மிருகம் காயத்தோடு ஓடிப்போய் எங்கோ பற்றைக்குள் கிடந்து சாகும். கிட்டத்துக்கும் பற்றைக் காட்டுக்கும் பாரமான, மொட்டை மூக்குச் சன்னம். மெதுவாகப் போகும், ஆனால் ஆழமாகப் போகும். அதையே தூரத்துக்கு விட்டால் வேகம் செத்து, விரியாமல், ஒரு சின்ன ஓட்டையோடு மறுபக்கம் போய்விடும். லீவர் இழுக்கிற துவக்காக இருந்தால் கூர்மூக்கைத் தொடவே கூடாது. அதில் ரவைகள் குழாய்க்குள் ஒன்றன் பின் ஒன்றாகப் படுத்திருக்கும். பின்னால் இருப்பதன் கூர் முன்னால் இருப்பதன் அடியில் முட்டிக்கொண்டிருக்கும். ஒரு அதிர்ச்சி போதும், குழாய் உன் கைக்குள்ளேயே வெடிக்கும். இதைக் கேட்ட அன்று நான் மத்தியானச் சாப்பாடு சாப்பிடவில்லை.

இன்னொரு வழக்கமும் இருந்தது. வேட்டை முடிந்தவர்கள் இறைச்சி வெட்டும்போது அகப்படுகிற சன்னத்தைக் கழுவிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். காஸ்பர் அதைக் கண்ணாடி வில்லைக்குக் கீழே பிடித்து வாசிப்பார். “விலா எலும்பு. பிறகு சுவாசப்பை. ஒழுங்காக விரிந்திருக்கிறது.” அல்லது, “இது மரத்தில் பட்டது. என்னை ஏமாற்றாதே.” மரத்தில் பட்டது ஒரு மாதிரி நசியும், மண்ணில் பட்டது ஒரு மாதிரி, சதையில் போனது வேறு மாதிரி. இரண்டு வருஷத்தில் எனக்கும் வாசிக்க வந்துவிட்டது. தவம் அண்ணை இதைக் கேட்டுவிட்டு, “வெடிக்குப் பயந்து வந்தவன் இப்ப வெடிக்குச் சாத்திரம் பாக்கிறான்” என்று அப்பார்ட்மென்ற் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

எமெட் என்ற கிழவர் என்னிடம் முதல்முறை வந்தது எண்பத்து நான்கு இலையுதிர் காலத்தில். எழுபது வயது மதிக்கலாம். வெளியே நின்ற பிக்கப் ட்ரக்கில் சாரதி இருக்கையில் ஒரு மூதாட்டி, சிவப்புக் கம்பளித் தொப்பியோடு இருந்தார். மனைவி டோரா. அவர் ஒருநாளும் இறங்கவில்லை. காஸ்பர் வியாழக்கிழமைகளில் கடையில் நிற்கமாட்டார். எமெட் வந்தது வியாழக்கிழமை. அது தற்செயல் என்று நினைத்தேன்.

என்ன மிருகம் என்று கேட்டேன். அவர் என் தலைக்கு மேலால் மூஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மிகவும் பணிவாக, “முந்நூறு கெஜம்” என்றார்.

இங்கேதான் நான் பிழை விட்டேன். காஸ்பரின் கடையில் வேலை செய்த வேறு எவனும் விட்டிருக்கமாட்டான். நான் மட்டக்களப்பின் படுவான்கரை ஆள். யானை இறங்குகிற பக்கம். வயல் காவலில் நிற்கிறவர்கள் யானையை யானை என்று சொல்லமாட்டார்கள். பெரியவர் என்பார்கள். பாம்பென்றால் பூச்சி. சிறுத்தையைப்பற்றிக் கதைக்கவே மாட்டார்கள், கையால் மட்டும் காட்டுவார்கள். பெயர் சொன்னால் வந்துவிடும். அப்படி வளர்ந்த எனக்கு, வேட்டைக்குப் போகிற கிழவர் மிருகத்தின் பெயரை வாயில் எடுக்காதது பெரிய மரியாதையாகத் தெரிந்தது. அட, இந்த நாட்டிலும் விஷயம் தெரிந்த ஒரு மனுசன் இருக்கிறான் என்று உள்ளூர மகிழ்ந்து, மானாக்கும் என்று நானே முடிவுகட்டி, நூற்றைம்பது கிரெயின் எடையுள்ள கூர்மூக்குச் சன்னப் பெட்டியை எடுத்துக் கம்பளியில் வைத்தேன். எமெட் அதைப் பார்க்கவில்லை. ஒரு ரவையை எடுத்து, பெருவிரலால் அதன் மூக்கைத் தடவினார். “சரி” என்றார். எவ்வளவு அனுபவம், கண்ணாலே பார்க்காமலே அறிகிறார் என்று அதற்கும் நான் வியந்தேன்.

அடுத்த வருஷம் அதே காலம், அதே வியாழக்கிழமை. “இருநூறு” என்றார். நூற்று அறுபத்தைந்து கிரெயின் கொடுத்தேன். போன வருஷம் கொண்டுபோனது சரிவந்ததா என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, “பட்டது. ஆனால் போகவில்லை” என்றார்.

அதற்கடுத்த வருஷம், நூறு. நூற்றெண்பது கிரெயின். அந்த முறைதான் எனக்கு ஏதோ பிசகாகப் பட்டது. வேட்டைக்காரனுக்குத் தூரம் மாறுவது புதினமில்லை. ஒரு வருஷம் ஏரிக்கரை, ஒரு வருஷம் பைன் காடு. ஆனால் இவர் இடத்தைப்பற்றி ஒன்றும் சொல்வதில்லை. எல்லா வருஷமும் ஒரே இடத்திலிருந்து பேசுகிற மாதிரி இருந்தது. நான் வழக்கம்போலப் பகிடி விட்டேன். உங்கள் மான் உங்களைத் தேடி நடந்து வருகிறதா சேர் என்றேன். எமெட் சிரிக்கவில்லை. நான் ஏதோ சரியாகச் சொல்லிவிட்டது போல, “ஓம்” என்று தலையாட்டினார்.

அன்று பஸ்ஸுக்கு நின்றபோது, எதிரே கார் தரிப்பிடத்தின் கடைசியில் ஏதோ நிற்பது போல இருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். குப்பைத்தொட்டி. அதற்கு நான் வணக்கம் சொன்னதாகத் தவம் அண்ணை சொல்லித் திரிவது பொய். தலைதான் ஆட்டினேன்.

எண்பத்தேழில் இரண்டு முறை வந்தார். அக்டோபர் தொடக்கத்தில், “அறுபது”. நவம்பரில், “இருபது”. இரண்டாம் முறை தனியாக வந்தார். ட்ரக்கின் ஒரு பக்கம் எங்கள் கடைத் தூணில் உரசி நின்றது. ட்ரக்கில் சிவப்புத் தொப்பி இல்லை.

இருபது கெஜம் என்பது எங்கள் கவுண்டரிலிருந்து பான்கேக் கடை வாசல். அந்தத் தூரத்துக்கு ரைபிள் எதற்கு, கல்லால் எறியலாமே என்றேன்.

“அது ஓடாது” என்றார் எமெட். “பின்னேரத்தில் வரும். நிற்கும். என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.”

அப்போதாவது நான் முதல் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? பெயரைக் கேட்டால் அது இங்கேயே வந்துவிடும் என்று பயந்துபோய், கேள்வியை விட்டுவிட்டு, தொழிலில் இறங்கிவிட்டேன். பயந்தவன் தன் வேலையைத் திறமாகச் செய்வான். இருநூற்றிருபது கிரெயின், மொட்டை மூக்கு. அவருடைய துவக்குக்கு அதைவிடப் பாரமானது எங்கள் அலுமாரியில் இல்லை. எலும்பில் பட்டாலும் நிற்காது என்று விளக்கம் வேறு கொடுத்தேன். எமெட் பெருவிரலால் அந்த மொட்டை மூக்கைத் தடவிப் பார்த்துவிட்டு, முதல்முறையாக என் பக்கம் முகத்தைத் திருப்பினார். ஆனால் என்னைப் பார்க்கவில்லை. எனக்குக் கொஞ்சம் பக்கத்தில் பார்த்து நன்றி சொன்னார்.

அடுத்த நாள் பின்னேரம், கடையில் ஆட்கள் குறைந்திருந்த நேரம், காஸ்பர் அலுமாரியில் இருந்த வெற்றிடத்தைக் கண்டுபிடித்தார். அந்த மொட்டை மூக்குப் பெட்டி வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோதான் போகும். யார் வாங்கினது என்று கேட்டார். சொன்னேன்.

“என்ன மிருகம்?”

நான் யானை, பெரியவர், பூச்சி என்று படுவான்கரை முழுவதையும் ஆங்கிலத்தில் விளக்கினேன். காஸ்பர் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார். அதுதான் என்னைப் பயப்படுத்தியது. பிறகு, நாலு வருஷமாக அவர் சொன்ன தூரங்களை ஒழுங்காகச் சொல்லச் சொன்னார். முந்நூறு, இருநூறு, நூறு, அறுபது, இருபது.

“முதல் கேள்வி சன்னத்துக்காக இல்லை” என்றார் மெதுவாக. “கண்டவன்தான் பெயர் சொல்லுவான். பெயர் சொல்லாதவன் இன்னும் காணவில்லை. காணாத ஒன்றைச் சுடப்போகிறவனுக்கு நான் விற்பதில்லை. எமெட்டுக்கு அது தெரியும். இருபது வருஷமாக என்னிடம் வாங்கினவன். அதுதான் நான் இல்லாத நாளாகப் பார்த்து வந்திருக்கிறான்.”

நான் பச்சைக் கம்பளித் துண்டை இழுத்து நேராக்கினேன்.

“ஸ்ரௌவ்வில்லில் அவனுடைய வீட்டை நான் அறிவேன்” என்றார். “குசினி ஜன்னலிலிருந்து இருபது கெஜத்தில் கோழிக்கூடு. பின்னேரத்தில் கோழிக்கூட்டுக்குப் போவது யார் தெரியுமா?”

சிவப்புக் கம்பளித் தொப்பி என் கண்ணுக்கு முன்னால் வந்தது.

தொலைபேசி எடுத்தார். அடித்துக்கொண்டே இருந்தது. ரையைக் கழற்றிக் கம்பளித் துண்டின் மேல் வைத்தார். அவர் அதைக் கழற்றி நான் கண்டது அன்றுதான். நடுப் பின்னேரத்தில் கடையைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டோம்.

இப்போது ஸ்ரௌவ்வில் என்றால் எங்கள் ஆட்களுக்குக் குடிபூரலும் இரண்டு கார் கராஜும் நினைவுக்கு வரும். அன்றைக்கு மார்க்கம் நகரத்தைத் தாண்டினால் வெட்டி முடிந்த சோளக் கட்டைகளும் காகங்களும்தான். காஸ்பர் எந்நாளும் போலச் சட்டப்படியான வேகத்தில் ஓட்டினார். நான் பக்கத்தில் இருந்து, ஊரில் இருக்கிற எல்லாப் பிள்ளையாருக்கும் தேங்காய் நேர்ந்துகொண்டு வந்தேன். அந்தக் கடன் இன்னும் முழுக்கத் தீரவில்லை. முதற்பனி துளித்துளியாக விழத் தொடங்கியிருந்தது.

காஸ்பர் முன்வாசலுக்குப் போனார். என்னைக் காரிலேயே இருக்கச் சொன்னார். அதற்கு எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. கதவைப் பூட்டிக்கூடக் கொண்டேன். அப்போது வீட்டின் பின்பக்கம் சிவப்புத் தொப்பி ஒன்று வாளியோடு போவது தெரிந்தது.

நான் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. கூப்பிட்டால் டோரா அதே இடத்தில் நின்றுவிடுவார் என்று பயந்து கூப்பிடவில்லை. நகரத்துச் சப்பாத்தோடு அந்தச் சேற்றுப் பனியில் வழுக்கி, வீட்டுச் சுவரைப் பிடித்துப் பிடித்துப் பின்பக்கம் போய்ச் சேர்ந்தபோது டோரா கோழிக்கூட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டார். உள்ளே கோழிகளோடு ஏதோ கதைப்பது கேட்டது. நான் கூட்டுக் கதவுக்கு முன்னால் நின்றேன். திரும்பினேன்.

குசினி ஜன்னல் ஒரு சாண் திறந்திருந்தது. அந்தச் சாணுக்குள் துவக்கின் வாய் இருந்தது.

அந்தத் துவக்குக்குள் என்ன இருக்கிறது என்று உலகத்தில் என்னைப்போல அறிந்தவன் எவனும் இல்லை. இருநூற்றிருபது கிரெயின். மொட்டை மூக்கு. எலும்பில் பட்டாலும் நிற்காது. என் நெஞ்செலும்பு, பிறகு முதுகெலும்பு, பிறகு கோழிக்கூட்டின் பலகை, பிறகு டோரா. வாடிக்கையாளருக்கு நான் நல்ல பொருளைத்தான் தெரிந்து கொடுத்திருந்தேன்.

ஓடு என்று மனம் சொன்னது. கால் கேட்கவில்லை. டோரா பிற்காலத்தில் இதை வீரம் என்று சொல்லி எனக்கு அப்பிள் பை சுட்டுத் தந்தார். நானும் மறுக்காமல் சாப்பிட்டேன். நடந்தது, என் முழங்கால் இரண்டும் பூட்டிக்கொண்டதுதான். நின்றேன். ஓடவில்லை. அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்போதுதான் எனக்கு விளங்கியது. பின்னேரத்தில் வரும், ஓடாது, பார்த்துக்கொண்டு நிற்கும் என்று எமெட் சொன்னது எல்லாவற்றையும் நான் அச்சொட்டாகச் செய்துகொண்டிருந்தேன்.

துவக்கின் வாய் கொஞ்சம் அசைந்து, என் நெஞ்சுக்கு நேரே நின்றது. பின்னால் டோரா கதவின் கொளுக்கியைத் தேடுகிற சத்தம். எனக்கு இருந்த ஆங்கிலம் முழுக்க ஓடிவிட்டது. வாயில் மிச்சம் இருந்தது நாலு வருஷமாகக் கவுண்டரில் நின்று சொல்லிச் சொல்லிப் பழகின ஒரே ஒரு வசனம். அதைத்தான் சொன்னேன், கடையில் சொல்கிற அதே மரியாதையோடு.

“குட் ஆஃப்டர்நூன் சேர். என்ன மிருகம்?”

பனி விழுகிற சத்தம் கேட்கும் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. துவக்கு அசையவில்லை. பிறகு ஜன்னலுக்குள்ளிருந்து, பள்ளிக்கூடத்தில் விடை தெரியாத பிள்ளையின் குரலில் எமெட் சொன்னார்.

“எனக்குத் தெரியாது.”

துவக்கின் வாய் மெல்ல உள்ளே போனது. காஸ்பர் பூட்டாத முன்கதவால் நுழைந்து அவருக்குப் பக்கத்தில் வந்துவிட்டிருந்தார். அவர் ரவையைக் கழற்றுகிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. பின்னால் கதவு திறந்து, டோரா முட்டை வாளியோடு வந்து, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, முட்டை வாங்க வந்தாயா என்று கேட்டார். ஓம் என்றேன். ஒரு டசன் வாங்கினேன்.

குசினியில் எங்களுக்குத் தேநீர் வந்தது. எமெட் மேசையின் முனையில் கைகளைக் கட்டிக்கொண்டு இருந்தார். “உங்கள் இரண்டு பேரில் பேசினது யார்?” என்று கேட்டார்.

தான் உள்ளே அவருக்குப் பக்கத்தில் நின்றதாகவும் வெளியே நின்று பேசியது நான் என்றும் காஸ்பர் விளக்கினார்.

“இல்லை” என்றார் எமெட் பொறுமையாக. “வெளியே நின்ற இரண்டு பேரில்.”

டோரா அவர் கையைத் தடவிக்கொடுத்தார். எமெட் சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு சன்னத்தை எடுத்துக் காஸ்பரின் கைக்குள் வைத்து, “நீ எப்போதும் திருப்பிக் கொண்டுவரச் சொல்லுவாயே” என்றார். அப்பிள் மரத்துக்குக் கீழே கிடந்ததாம். நூறு கெஜத்து வருஷத்தது.

வரும் வழியில் காஸ்பர் எனக்கு எல்லாம் விளக்கினார். எமெட்டுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. வருஷத்துக்கு வருஷம் பார்வையின் எல்லை சுருங்குகிறது. தெளிவு முடிந்து மங்கல் தொடங்குகிற இடத்தில் ஏதோ நிற்பது போல இருக்கும். முதலில் முந்நூறு கெஜத்தில், பிறகு இருநூறில். அது நடந்து வரவில்லை. எமெட்டின் பார்வைதான் பின்னால் போய்க்கொண்டிருந்தது. அதனால்தான் ரவையைக் கையால் தடவினார், அதனால்தான் தூணில் உரசினார், எனக்குப் பக்கத்தில் பார்த்து நன்றி சொன்னார். ஒருவர் இருவராகத் தெரிவதும் அதனால்தான். பின்னர் கண் வைத்தியரும் ஏறக்குறைய இதையே சொன்னாராம்.

எனக்கு நிம்மதி வந்தது. சிரிக்கத் தொடங்கிவிட்டேன். சிரித்துக்கொண்டே, அப்படியென்றால் அந்தச் சன்னம் மரத்தில் பட்டது, அல்லவா என்று கேட்டேன்.

காஸ்பர் காரை ஓரமாக நிறுத்தினார். பையிலிருந்து அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். “நீ வாசி.”

நான் கொடுத்த நூற்றெண்பது கிரெயின்தான். கார் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மரத்தில் பட்டது ஒரு மாதிரி நசியும், மண்ணில் பட்டது ஒரு மாதிரி. இது ஒரு இதழும் உடையாமல், ஒரே சீராக, குடை மாதிரி விரிந்திருந்தது. ஓரத்தில் எலும்பு கீறின கோடு. எத்தனையோ சன்னம் வாசித்திருக்கிறேன். இதைவிட ஒழுங்காக விரிந்த ஒன்றை நான் கண்டதில்லை.

என்ன மிருகம் என்று காஸ்பர் கேட்கவில்லை. கடையில் மற்றச் சன்னங்களைப் போட்டு வைக்கிற கண்ணாடிப் போத்தலுக்குள் அந்தச் சன்னம் போகவும் இல்லை.

எமெட்டுக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. ஒரு கண் கொஞ்சம் திரும்பியது. துவக்கைக் காஸ்பரிடமே விற்றுவிட்டு, இருவரும் மகளோடு இருக்கப் போய்விட்டார்கள். தோட்டம் கைமாறிக் கைமாறி, வெகுகாலம் சும்மா கிடந்து, கடைசியில் வீடு கட்டுகிறவர்கள் கையில் போனது.

மருமகன், இப்போது உனக்கு விளங்கியிருக்கும். உன் வீட்டுக்கு முதல்முறை வந்தபோது தெருப் பெயர் எனக்குப் புதிது. பின்பக்கக் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் லட்டுத் தட்டோடு நின்றபோதுதான், வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கிழட்டு அப்பிள் மரத்தைக் கண்டேன். அந்த நிலம் எனக்குத் தெரியும். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. உள்ளே பிள்ளைகளின் சத்தம். வேலி மூலையில் ஏதோ நின்றது. தூரம் என் தொழில், அளக்கத் தேவையில்லை. இருபது கெஜம்.

உன் மனைவி பக்கத்தில் வந்து, “என்ன மாமா, என்னத்தைப் பாக்கிறீங்கள்?” என்று கேட்டாள். லட்டைக் கீழே போட்டதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளிக்கிட்டேன்.

எந்தச் சன்னம் என்று கேட்டாய். முதலில் மிருகத்தின் பெயரைச் சொல்லு. சொல்ல முடிந்தால் மற்றதை நான் சொல்லித் தருகிறேன். முடியாவிட்டால் துவக்கை வைத்துவிட்டு, கண் வைத்தியரிடம் போ. நானும் உன் வீட்டுக்கு வந்த அடுத்த கிழமையே போனேன். எழுத்தெல்லாம் வாசித்தேன், கண்ணில் சொட்டு மருந்து விட்டார், வெளிச்சம் அடித்துப் பார்த்தார். இந்த வயதில் இவ்வளவு தெளிவான பார்வையைத் தான் கண்டதில்லை, எல்லைவரை பழுதில்லை என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். இன்னொருக்கால் வடிவாகப் பாருங்கோ டொக்ரர், ஏதும் ஒரு சின்னக் குறையாவது இருக்கும் என்று நான் அவரைக் கெஞ்சிக்கொண்டு நின்றேன்.